பேப்பரில் இல்லாத சரக்கு

துபாயில் ஜெபல் அலி துறைமுகத்தில் என் வேலை, கன்டெய்னரைத் திறந்து உள்ளே இருப்பதையும் பேப்பரில் இருப்பதையும் ஒத்துப் பார்ப்பது. சரக்கு குறைந்தால் திருட்டு. கூடினால் அதைவிட மோசம். டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தாலும் இந்தக் கண் மூடாது. என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்.

மகள் பள்ளியில் ஃப்ளூட் வாசிக்கிறாள். ஆர்க்கெஸ்ட்ராவில் ஓர் இடம் காலி, போட்டிக்கு இரண்டு பெண்கள். தேர்வுக்கு, முந்நூறு வருடம் பழைய ஐரோப்பிய இசை, பரோக் காலத்து சொனாட்டா ஒன்றை வாசிக்க வேண்டும். ஃப்ளூட் முன்னால் போகும், கீபோர்டு துணைக்கு வரும். இருவருக்கும் அந்தத் துணையாகப் பள்ளி ஏற்பாடு செய்தது யாரை என்றால், போட்டியிலிருந்த மற்றப் பெண்ணின் அம்மாவையே. யாழ்ப்பாணத்துக்காரர், இசை டீச்சர். கேட்டதுமே, ஒவ்வோர் ஒத்திகைக்கும் நானும் கூடப் போவது என்று முடிவு செய்தேன்.

ஒத்திகைக்கு அவர் வீட்டுக்குப் போனபோது பக்கம் திருப்ப ஆள் வேண்டும் என்றார். நானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு நோட்டு படிக்கத் தெரியாது. அவர் தலையசைத்தால் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எண்ணத் தெரியுமே. தாளில் அவருக்கு இருந்தது ஒற்றை வரி, அதோடு சில எண்கள். அவர் வாசித்ததோ இரண்டு கை நிறைய. மறுநாள் அதே பக்கத்தை வேறு மாதிரி வாசித்தார்.

"டீச்சர், பேப்பர்ல இல்லாததெல்லாம் வாசிக்கிறீங்களே?"

"இதில கீழ்ச் சுரம் மட்டும்தான் எழுதியிருக்கும் அண்ணை. எண்ணைப் பாத்து மிச்சத்தை நாங்கள்தான் நிரப்ப வேணும். அந்தக் காலத்து முறை."

"நேத்து வாசிச்சது இது இல்லையே."

"நேற்று பிள்ளைக்கு மூச்சு இருந்தது. இண்டைக்கு இல்லை."

வீட்டுக்கு வந்து நெட்டில் தேடினேன். அவர் சொன்னது உண்மைதான். அதனாலேயே சந்தேகம் கூடியது. இஷ்டத்துக்கு வாசிக்க உரிமை உள்ளவர் என் பெண்ணுக்குக் குழியும் பறிக்கலாம் அல்லவா? அடுத்த ஒத்திகையில், "தேர்வன்னைக்கும் நான் உங்க கையைத்தான் பாத்துட்டிருப்பேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. என் மகளும் சிரிக்கவில்லை.

தேர்வன்றும் பக்கம் திருப்ப டீச்சர் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்தேன். என் மகள் முதலில் வாசித்தாள். வேகமான பகுதியில் மூச்சு வாங்கி, இடத்தைத் தவறவிட்டு, நின்றேவிட்டாள். டீச்சரின் வலது கை அந்த நொடியே ஃப்ளூட்டின் மெட்டைப் பிடித்துக்கொண்டது. மகள் வந்து சேரும்வரை அதை விடவில்லை. அது சொனாட்டாவிலேயே அப்படித்தான் என்பதுபோல நடுவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து டீச்சரின் மகள். அதே சொனாட்டா. தொடங்குமுன் டீச்சர் என்னை ஒருமுறை பார்த்தார். பாதியில் அந்தப் பெண்ணும் தடுமாறி நின்றாள். டீச்சரின் வலது கை அசையவில்லை. இடது கை மட்டும் தாளில் இருந்த ஒற்றை வரியை வாசித்துக்கொண்டு போனது. கூடுதலாக ஒரு சுரம் இல்லை. நான் எண்ணினேன். அந்தப் பெண் திரும்ப வந்து சேர வெகுநேரம் ஆனது.

இடம் என் மகளுக்குத்தான் கிடைத்தது. காரில் ஏறியதும் கேட்டாள், "அவளுக்கு மட்டும் ஏம்ப்பா ஆன்ட்டி ஹெல்ப் பண்ணல?"

"சொந்தப் பொண்ணாச்சே. பாக்கிறவங்க தப்பா நினைப்பாங்கல்ல?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஜட்ஜ் எல்லாரும் அவளைத்தான் பாத்தாங்க. ஆன்ட்டி கையைப் பாத்தது நீங்க மட்டும்தான்."