தொழில் என்ற கட்டம்

இலங்கைக்கு டூர் போகலாமா வேண்டாமா என்று பேசிய அன்றைக்கு வீட்டில் இருந்தது நாலு பேர். அப்பா, அம்மா, தங்கச்சி, நான். இல்லாதவன் என் கல்லூரிச் சிநேகிதன். ஆனாலும் பேச்சில் பாதி அவனைப் பற்றித்தான் இருந்தது.

அவன் இங்கே அகதிகள் முகாமில் பிறந்தவன். விருதுநகர் கல்லூரியில் மூன்று வருசம் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தான். பட்டம் வாங்கியும் பெயிண்ட் அடிக்கத்தான் போகிறான். யாழ்ப்பாணத்துப் பக்கம் கடலோரத்தில் அவன் அம்மாவுக்கு வீடும் கிணறும் இருந்தன. இப்போது அந்த இடம் ராணுவ வேலிக்கு உள்ளே இருக்கிறது. போய்ப் பார்க்க அவனுக்குப் பாஸ்போர்ட் கிடையாது.

தீபாவளி முடிந்து கம்பெனிகளைப் பூட்டியிருந்த நாட்கள் அவை. அப்பாவும் அம்மாவும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். அப்பா மருந்து கலக்குபவர், அம்மா திரி சொருகுபவள். நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். தங்கச்சி கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருசம் ஆகியிருந்தது. மதுரையிலிருந்து விமானம், ஆறு நாள், கொழும்பு, கண்டி, நுவரெலியா, யாழ்ப்பாணம் என்று ஒரு பேக்கேஜைப் பிடித்துக்கொண்டு வந்தது அவள்தான். முன்பணமும் கட்டிவிட்டாள்.

நான் வேண்டாம் என்றேன். காணாமல் போன பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் வருசக்கணக்கில் ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிற நாடு. அங்கே போய் நாம் கடற்கரையில் போட்டோ எடுத்துக்கொண்டு வருவதா? பேக்கேஜில் யாழ்ப்பாணப் பக்கம் இரண்டு இரவு தங்கும் விடுதி ராணுவமே நடத்துவது என்றும் தேடிப் படித்திருந்தேன். நம் பணம் யார் கைக்குப் போகிறது என்று பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். கல்லூரிப் பேச்சுப் போட்டிக் குரல் வந்துவிட்டது எனக்கே தெரிந்தது.

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. கோயில், ஆஸ்பத்திரி, எழவு, இந்த மூன்றுக்குத்தான் இதுவரைக்கும் பஸ் ஏறியிருப்பதாகச் சொன்னாள். ஒன்றுமே இல்லாமல் சும்மா ஓர் ஊருக்குப் போய்வர வேண்டும், அது எந்த ஊராக இருந்தாலும் சரி என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏலே, பட்டாசு வாங்காதீகன்னு பட்டணத்துப் பள்ளிக்கூடத்துல பிள்ளைககிட்ட சத்தியம் வாங்குனாகள்ல. அவுகளும் நல்லவுகதான். நம்ம கையி வெந்துபோகுதேன்னு எரக்கப்பட்டுத்தான் சொன்னாக. அந்த வருசம் நமக்கு எத்தன நாள் வேல இருந்துச்சு, சொல்லு பாப்போம்."

அந்த வருசம் சீசனிலேயே வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலைக்குக் கூட்டிப்போகிற கம்பெனி வேன் வந்தது. முதலாளி வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடும் குறையவில்லை. வாங்காதே என்று சொன்னவர்கள் யாரைத் தண்டிக்க நினைத்தார்களோ அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதையெல்லாம் அன்றைக்கே யோசித்திருக்கிறேன். ஆனால் நானும் ஒரு நாள் வாங்காதே என்று சொல்கிற பக்கம் நிற்பேன் என்று நினைத்ததில்லை.

அப்பாதான் பேச்சை முடித்து வைத்தார். "யாருக்காகப் போக வேண்டாங்குறயோ, அவன்கிட்டயே போய்க் கேளு" என்றார்.

மறுநாள் சாத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அவன் வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். சாரத்திலிருந்து இறங்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தான். நான் என் நியாயத்தை முழுக்கச் சொன்னேன்.

"நீ போகாட்டி எங்க வீடு திரும்பி வந்துருமாலே?" என்றான். "எம் பேரச் சொல்லி உங்க அம்மாவ வீட்ல உக்கார வைக்காத. எனக்குப் பாவம் சேரும்."

அப்புறம் இறங்கி வந்து டீ குடித்தோம். அந்த விடுதியில் மட்டும் தங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவனுடைய சின்னம்மா யாழ்ப்பாணம் டவுனில் வீட்டு மாடியை ரூமாக வாடகைக்கு விடுகிறார், அந்தக் காசு அவருக்குப் போகட்டும் என்றான். இது எனக்கும் சரியாகப் பட்டது. இரண்டு இரவுக்கான பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று டூர்காரர் சொன்னார். போகட்டும் என்றாள் தங்கச்சி.

போனோம். நுவரெலியாக் குளிரில் அம்மா தங்கச்சியின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஏரியில் படகு ஏறினாள். தேயிலை பறிக்கிற ஒரு பெண்ணை நிறுத்தி, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, எடை போடும்போது எவ்வளவு கழிப்பார்கள் என்று கேட்டாள். இரண்டு பேரும் விரல்களைக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் விரலில் இலைக் கறை. அம்மா விரலில் சோப்புப் போட்டும் போகாத அலுமினியத் தூள்.

யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். சின்னம்மா ஒரு பெரிய பதிவேட்டைக் கொடுத்து, தங்குகிறவர்களின் விவரத்தை எழுத வேண்டும், பொலிஸ் வந்து பார்க்கும் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். வீட்டில் எந்த விண்ணப்பம் என்றாலும் நிரப்புவது நான்தான். பெயர், பாஸ்போர்ட் எண், ஊர். அடுத்த கட்டம், தொழில்.

"மருந்து கலக்குறேன்னு போடு" என்றார் அப்பா.

எங்கள் பக்கம் மருந்து என்றாலே பட்டாசுக்குப் போடுகிற மருந்துதான். காய்ச்சலுக்கு வாங்குவதை மாத்திரை என்றுதான் சொல்வோம். ஆனால் இந்த ஊரில் இதைப் படிக்கிறவர்கள் அப்பாவை ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுப்பவர் என்று நினைத்துக்கொள்வார்களே என்று எனக்குத் தோன்றியது. அரசாங்கம் பார்க்கிற ஏட்டில் பொய் எழுதியதாக ஆகிவிடக் கூடாது. கொஞ்சம் யோசித்து, முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தேன். வெடிமருந்து கலக்கும் வேலை. என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சீருடை இல்லாமல் சட்டை பேண்ட் போட்ட இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒருவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்தது. பதிவேட்டில் விரலை வைத்து, இது என்ன வேலை என்று அப்பாவைக் கேட்டார்.

தொழிலைப் பற்றி யார் கேட்டாலும் அப்பாவுக்கு ஒரு நிமிர்வு வந்துவிடும். "முப்பது வருசமா கலக்குறேங்க, ஐயா. என் கையில ஒண்ணுகூட தப்பா வெடிச்சது கிடையாது" என்றார்.

தங்கச்சி என் கையைக் கிள்ளினாள். நான் போனை எடுத்து, கம்பெனியில் ஆயுத பூஜைக்கு எடுத்த வீடியோவைக் காட்டினேன். கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், வானத்தில் விரிகிற ஃபேன்சி ரகம். தமிழ் தெரிந்தவர் முழுக்கப் பார்த்தார், கல்யாணத்துக்கும் வெடிப்பார்களா என்றுகூடக் கேட்டார். பிறகு எங்கள் பாஸ்போர்ட்டுகளையும் பதிவேட்டின் அந்தப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டார்கள். இந்த வீட்டுக்கு யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டபோது, தங்கச்சி முந்திக்கொண்டு, நெட்டில் பார்த்தோம் என்றாள். சின்னம்மா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

கேட்டைச் சாத்திவிட்டு வந்த சின்னம்மா என் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, இந்த ஊரில அந்தச் சொல்லை எழுதலாமோ?"

அன்றைக்கு எங்கேயும் போகவில்லை. அம்மா சின்னம்மாவோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாள். மறுநாள் கொழும்புக்கு ரயில் ஏறினோம். எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்துத்தான் மிச்சத்தைச் சிநேகிதன் சொன்னான். சின்னம்மாவை அந்தப் போலீஸ்காரர்கள் மூன்று தடவை தங்கள் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை ரூமை விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தை மாதக் கல்யாணத்துக்கென்று ரூம் சொல்லி வைத்திருந்தவர்கள் விசயம் கேள்விப்பட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அவன் என்னைத் திட்டவில்லை. நீ உள்ளதைத்தானே எழுதினாய் என்றான். திட்டியிருந்தால் தேவலை.

அந்த விடுதிக்குப் போகாமல் இருந்துவிட்டால் என் கை சுத்தம் என்று நினைத்திருந்தேன். பயம் உள்ள ஊரில், விருந்தாளியாகப் போகிறவன் நல்லவனா கெட்டவனா என்பது அப்புறம்தான். அவன் போன பிறகு பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். போனது தப்பில்லை, எழுதியதுதான் தப்பு என்றாள். போகாமல் இருந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேனே என்றேன். அவள் சின்னம்மாவுக்குப் போன் போடச் சொன்னாள்.

எவ்வளவு நட்டம் என்று கேட்டதற்கு முதலில் சின்னம்மா பேச்சை மாற்றினார். அம்மா விடவில்லை. ஒரு நாள் வேலை போனால் என்னவென்று எங்களுக்குத் தெரியும் என்றாள். "கேட்டபடியால் சொல்லுறன், அக்கா" என்று அவர் கடைசியில் சொன்னார். அவர் சொன்னது இலங்கைக் காசில். அம்மா சம்பளத்தில் வீடு ஓட, அப்பா, தங்கச்சி, நான், மூன்று பேர் சம்பளத்திலிருந்தும் எடுத்து மூன்று மாதத்தில் அனுப்பி முடித்தோம். நம் பணத்தில் முப்பத்தோராயிரத்து இருநூறு ரூபாய்.