வெட்டி முடித்த வயலுக்குக் காவல் போனேன்

மட்டக்களப்பு வாவிக்குள் மாந்தீவு என்று ஒரு தீவு இருக்கிறது. ஒரு காலத்தில் தொழுநோய் கண்டவர்களைக் கொண்டுபோய் வைத்துப் பராமரித்த இடம். சில வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதம், அமிர்தகழியில் என் வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் சட்டையில்லாமல் நின்றுகொண்டு, அடுத்த தோணியில் என்னை அங்கேதான் ஏற்றப்போகிறார்கள் என்று நான் முழுமனதாக நம்பினேன். ஐம்பது தாண்டியவன், தினமும் பத்திரிகை வாசிக்கிறவன், செத்த வீட்டிலும் பகிடி விடுகிறவன். ஆனாலும் நம்பினேன்.

எல்லாம் முழங்கையில்தான் தொடங்கியது. சிவப்பாக ஒரு தடிப்பு, அதன்மேல் வெள்ளையாகச் செதில். சொறிந்தால் மீன் செதில்போல உதிரும். பிறகு மற்ற முழங்கை, முழங்கால்கள், தலை. வைத்தியரிடம் போனால் அவர் நோய்க்கு ஒரு பெயர் சொல்லிவிடுவாரே என்ற பயத்தில் நானே வைத்தியரானேன். வேப்பெண்ணெயில் கந்தகத்தைக் குழைத்துப் பூசினேன். அது சரிவராமல் போகவே தேங்காய்த் தும்பை எடுத்து, கரிபிடித்த சட்டியைத் தேய்ப்பதுபோல என்னைத் தேய்த்தேன். இரத்தம் கசிந்தது. தேய்த்துக் காயப்பட்ட இடமெல்லாம் புதிதாக ஒரு தடிப்பு முளைத்தது. நோய் என்ன வேகமாகப் பரவுகிறது என்று நடுங்கினேனே தவிர, தும்பின்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அந்த நேரம் பார்த்து என் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் என் முதல் பேரன் வந்து படுத்தது என் வீட்டிலேயே, அடுத்த அறையில். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தூக்கிக் கொஞ்சினார்கள். நான் மட்டும் அந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பூட்டிக்கொண்டு, வாசலில் நின்று எட்டிப் பார்த்து, “எனக்குத் தடிமல், பிள்ளைக்குத் தொத்திரும்” என்று இருமிக் காட்டினேன்.

என் மனைவி என்னோடு நெடுங்காலம் குடும்பம் நடத்தியவள்.

“தடிமல் எண்டா மூக்கெல்லோ ஒழுகணும். உங்களுக்கு வாய்தான் ஒழுகுது” என்றாள்.

ஒருநாள் காலையில் மகள், “அப்பா, ஒருக்காத் தூக்குங்களன்” என்று பிள்ளையை நீட்டிக்கொண்டே கிட்ட வந்துவிட்டாள். நான் பாம்பைக் கண்டவன்போலப் பின்னால் துள்ளிக் கதவில் தலையை இடித்துக்கொண்டேன். அவள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் அழுதது எனக்குக் கேட்டது.

இனி அந்த வீட்டில் இருப்பது ஆபத்து என்று முடிவு செய்தேன். பிள்ளைக்கு ஏதும் தொற்றினால் நான் எப்படி உயிரோடு இருப்பது? “வட்டையில யானை இறங்குதாம், காவலுக்குப் போறன்” என்று சொல்லிவிட்டு, உடுக்கச் சாரம் இரண்டு, வேப்பெண்ணெய்ப் போத்தல், தும்பு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு, பாலம் கடந்து வவுணதீவில் இருக்கும் எங்கள் வயல் வாடிக்குப் போய்விட்டேன். வட்டை என்றால் எங்கள் ஊரில் வயல்வெளி, வாடி என்றால் அங்கே போட்டிருக்கும் குடிசை.

பொய் நல்ல பொய்தான். ஆனால் வேளாண்மை வெட்டி, சூடடித்து, நெல்லும் வீடு வந்து சேர்ந்துவிட்டது. நான் காவல் காக்கப் போனது வெறும் ஒட்டுக்கு, வெட்டி மிஞ்சிய அடிக்கட்டைக்கு.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், மருமகனின் ஓட்டோவில் மனைவி வந்து இறங்கினாள். என்னைத் திரும்பியும் பார்க்காமல் நேரே வாடிக்குள் போய் மூலைமுடுக்கெல்லாம் தேடினாள். அவள் எதைத் தேடுகிறாள் என்று விளங்கியபோது, அந்தப் பயத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. இந்த வயதிலும் என்மேல் ஒரு சந்தேகம்!

வெளியே வந்தாள். “அந்தச் சோத்துச் சட்டியப் பாத்தாலே தெரியுது, இஞ்ச பொம்பிளை ஒருத்தியும் இல்ல. மறுகா என்னத்துக்கு ஒளிச்சிக் கிடக்கிறீங்க? சட்டையக் கழட்டுங்க.”

“மருமகன் நிக்கிறாரு.”

“அவரும் ஆம்பிளைதானே. கழட்டுங்க.”

கழட்டினேன். அவள் கிட்ட வந்து என் முழங்கைகளைப் பார்த்தாள். நான் வாவிப் பக்கம் கையைக் காட்டி, “மாந்தீவுதான்” என்றேன்.

“இதுக்கா பெத்த புள்ளைய அழ வச்சீங்க?” என்றாள். மருமகன் என் மூட்டையைத் தூக்கி ஓட்டோவில் வைத்துவிட்டு, “ஏறுங்க மாமா, நாளைக்குக் கிளினிக்குக்குப் போவம்” என்றார்.

தோல் கிளினிக்கில் இருந்த டொக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தடிப்புகளின்மேல் பஞ்சுத் திரியால் தொட்டுத் தொட்டு, “விளங்குதா?” என்று கேட்டார்.

“விளங்குது. கூசுது.”

நகங்களையும் தலையையும் பார்த்தார். “இது குட்டம் இல்ல ஐயா, குட்டம் எண்டா அந்த இடம் பெரும்பாலும் மரத்திருக்கும். சொரியாசிஸ். குட்டமா இருந்தாலும் இப்ப குளிசை இருக்கு, வீட்டில இருந்தே சுகமாக்கலாம். தோணியில ஏத்திற காலம் எப்பவோ போயிற்று.”

நோயை விரட்ட வேண்டிய உடம்பின் காவல்காரர்கள் ஆளை மாற்றிப் பிடித்து நமக்கு எதிராகவே வேலை செய்கிறார்கள், அதனால் ஆறுதலாக வளரவேண்டிய தோல் அவசரப்பட்டு வளர்ந்து குவிகிறது என்று விளக்கினார். வெட்டின வயலுக்குக் காவல் போன எனக்கு அது உடனே விளங்கியது. முற்றாக மாறும் என்று வாக்குத் தர முடியாது, கூடும் குறையும், ஆனால் அடக்கி வைக்கலாம் என்றார். தந்த மருந்தைச் சொன்ன இடத்தில் சொன்ன அளவுக்குப் பூச வேண்டும். குளித்தவுடன் தோல் காயாமல் எண்ணெய்ப் பசையாக வைத்திருக்க வேண்டும். மூட்டு நொந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிகரட்டை விட வேண்டும், மனதை அலட்டக் கூடாது. தும்பைப் பற்றிச் சொன்னபோது மட்டும் தலையில் கை வைத்தார். தேய்க்கத் தேய்க்க அது கூடத்தான் செய்யுமாம்.

நான் தயாராக வைத்திருந்த பகிடிகள் ஒன்றும் வாயில் வரவில்லை. ஒன்றுதான் கேட்டேன். “பேரப்பிள்ளையத் தூக்கலாமா?”

அவர் கையுறை இல்லாமலே என் முழங்கையை நன்றாகப் பிடித்துக் காட்டினார். “எனக்குத் தொத்தாது, அவருக்கும் தொத்தாது. போய்த் தூக்குங்க.”

வீட்டுக்கு வந்து அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் கோபம் மாறாத முகத்தோடு பிள்ளையை மடியில் வைத்தாள். அவன் என்னை ஒருமுறை பார்த்தான், என் சாரத்தை நனைத்தான், நித்திரையாகிவிட்டான்.

சொரியாசிஸ் இன்னும் என்னோடுதான் இருக்கிறது. மாரியில் கொஞ்சம் தலை தூக்கும், பிறகு அடங்கும். சுகமாகிவிட்டதென்று ஒருமுறை மருந்தை நானாக நிறுத்தி, முன்னதைவிட மோசமாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறேன். பேரன் பாலர் பாடசாலைக்குப் போகிறான். அவன் தோலில் ஒன்றும் இல்லை. அவன் பிறந்த முதல் மாதம் நான் அவனைத் தூக்கவில்லை. தூக்கியிருக்கலாம்.