என் கையால் கழற்றிய வயர்கள்

தறியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில், ஒரு ஆடி மாதம் அது. நான் அப்போது காஞ்சிபுரத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருதய நோயாளிகளைப் பார்ப்பதுதான் என் வேலை. இந்த நோய் என்னென்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பயம். அவரை உடனே எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தேன்.

இருதயத் துடிப்பைத் திரையில் காட்டும் மானிட்டர் எங்களிடம் ஒன்றே ஒன்று. அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு நர்ஸ். திரையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. கொஞ்சம் தேறியவர்களை அடுத்த வார்டுக்கு மாற்றுவோம். அங்கே மெஷின் கிடையாது. இருக்கும் ஒரு நர்ஸ் கட்டில் கட்டிலாகப் போய் நாடி பிடித்துப் பார்க்க வேண்டும்.

இவர் மானிட்டர் அறையில் இருந்தார். ஆள் பற்றாக்குறை, அதனால் நானேதான் டியூட்டி. மறுநாள் காலை தென்னேரியிலிருந்து ஒரு விவசாயியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடெல்லாம் நீலம்.

டாக்டர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "சிஸ்டர், உங்க வீட்டுக்காரரை அடுத்த வார்டுக்கு மாத்திடுங்க. இவருக்கு மெஷின் வேணும்."

"இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமே, டாக்டர்."

"இவரு தாங்க மாட்டாரும்மா."

அவர் சொன்னது நியாயம். வேறு யார் வீட்டு ஆளாக இருந்தாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இவர் நெஞ்சில் ஒட்டியிருந்த வயர்களை என் கையாலேயே கழற்றினேன்.

"எனக்கு சரியாப் போச்சாமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் அந்த விவசாயியின் பக்கத்தில் நின்றேன். அவர் மனைவி அஞ்சலையை உள்ளே விடவில்லை. அவள் அடுத்த வார்டில், சுவரோரம் இருந்த என் வீட்டுக்காரர் கட்டிலுக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் திரையில் கோடு தாறுமாறாகத் துள்ளியது. ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். அதே நேரம் பக்கத்து வார்டிலிருந்து அஞ்சலையின் அலறல்.

"ஐயோ, நர்சம்மா வீட்டுக்காரருக்கு கண்ணு மேல சொருவுது! யாராவது ஓடியாங்களேன்!"

டாக்டர் ஓடினார். என்னால் நகர முடியவில்லை. நகர்ந்தால் இந்த மனிதர் போய்விடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் என் புருஷன். இந்தப் பக்கம் நான். "காமாட்சி, தாயே, என்னால முடியலம்மா. நீ போய் நில்லு." அவ்வளவுதான் வேண்டினேன். மந்திரம், சுலோகம் எதுவும் வாயில் வரவில்லை.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. அஞ்சலை கதவருகே வந்து நின்றாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"மூச்சு வந்துடுச்சும்மா. நெஞ்ச குத்தி குத்தி எழுப்பிட்டாங்க. உன்னத்தான் கேக்கறாரு."

அவள் அங்கே உட்கார்ந்திருக்காவிட்டால் யாருமே கவனித்திருக்க மாட்டார்கள் என்று டாக்டர் பிறகு சொன்னார். காமாட்சி அம்மா வந்து நின்றாள். அஞ்சலையாக வந்து நின்றாள்.

ஆனால் அஞ்சலையின் புருஷன் பிழைக்கவில்லை. மானிட்டர் இருந்தது, மருந்து இருந்தது, நானும் இருந்தேன். அன்று சாயங்காலமே போய்விட்டார். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஏன் இப்படி என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் மறுபடி தறியில் உட்கார்ந்தார். எனக்குத் தாலி பாக்கியம் தந்த காமாட்சிக்கு வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றுகிறேன். உங்களில் யாராவது ஆஸ்பத்திரி வாசலில் கதியற்று நின்றால் அவளைக் கூப்பிடுங்கள், வருவாள். கூப்பிடும்போது பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் பேரையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவருக்கும் சேர்த்தே வேண்டுங்கள்.