அப்பாவின் கை இறங்கிய மத்தியானம்

அப்பா இறந்த செய்தியைச் சுகன்யாதான் எனக்குச் சொன்னாள். இடுக்கி மலையில், வண்டன்மேட்டில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் முதல் பாடவேளை முடிந்து மணி அடித்திருந்தது. போனை எடுத்ததும், "அக்கா, அப்பா போயிட்டாருங்க்கா" என்றாள். "உங்கப்பா" என்று அவள் சொல்லவில்லை. அந்த நேரத்திலும் அது என் காதில் உறுத்தியது.

கம்பம்மெட்டு இறங்கி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று மாறி மாறி வண்டி பிடித்துப் பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊரான பெருமாட்டி வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வழியில் நான் அழவில்லை. கடைசியாக அவர் வாயில் தண்ணீர் விட்டது அவள் கை என்பதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா அவள் தோளில் சாய்ந்து கிடந்தாள். அப்பாவுக்கு எந்த வேட்டி உடுத்துவது என்று பெரியப்பா மகன் கேட்டார். நான் யோசித்துக்கொண்டு நின்றேன். "பச்சைக் கரை போட்டதுங்கண்ணா. பீரோவுல மேல் தட்டுல இருக்குது. அதுதான் அவருக்குப் புடிக்கும்" என்று பதில் சொன்னதும் அவள்தான்.

என் அப்பா பெயர் ஆறுச்சாமி. சுகன்யாவின் அப்பா பெயர் குப்புசாமி. எங்கள் தோப்பை ஒட்டி அவருடைய கடலைக்காடு. என் அண்ணன் செந்தில் செத்தது அவர் போட்ட கம்பியில்.

அப்பாவை அறிந்த உங்களில் பலருக்கு இந்தக் கதை தெரியும். கருமாதிக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு விதமாக அதைச் சொன்னார்கள். "கோபமே வராத மனுசனுங்க அவரு" என்று ஒருவர் சொன்னதும் மற்றவர்கள் தலையாட்டினார்கள். அது உண்மையில்லை. கால்வாய்த் தண்ணீர் முறை தவறியதற்காக அப்பா போட்ட சத்தத்தில் அடுத்த தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை மோட்டார் ஸ்டார்ட்டர் மக்கர் பண்ணியது என்று அதைப் பிடுங்கிக் கிணற்றுக்குள் வீசினார். பிறகு அவரே இறங்கித் தேடி எடுத்தார். கோபம் அவருக்கு நிறைய வரும். அது வந்த ஒரு மத்தியானத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்த வருடம் காட்டுப்பன்றிகள் இறங்கி ஒருவருக்கும் கடலை மிஞ்சவில்லை. குப்புசாமி மோட்டார் ரூமிலிருந்து கரண்டு இழுத்து வரப்போரம் இரும்புக் கம்பி கட்டியிருந்தார். விடிவதற்கு முன்பே எழுந்து அணைத்துவிடுவார். அன்று காலை அவர் எழத் தாமதமாயிற்று. அண்ணன் தண்ணீர் திருப்பி விடுவதற்காக இருட்டு விலகும் முன்பே மண்வெட்டியோடு வரப்பில் போனான்.

நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா எனக்கு இரட்டைச் சடை பின்னி, இரண்டாவது சடைக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். இளநீர் வெட்ட வந்த ஆள் வாசலில் வந்து நின்று, "அக்கா..." என்றார். தோப்புப் பக்கம் கை காட்டினார். அம்மா ரிப்பனை விட்டுவிட்டு ஓடினாள்.

அண்ணனை ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்திலிருக்கும் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உயிர் வழியிலேயே போயிருந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைத் தரச் சாயங்காலம் ஆகும் என்று சொன்னதால், பெரியப்பாவை அங்கே விட்டுவிட்டு அப்பா மட்டும் மத்தியானம் திரும்பி வந்தார். வீடு நிறையப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவர் நேராக மாட்டுக்கொட்டகைக்குப் போய்க் கூரையில் செருகியிருந்த கொடுவாளை எடுத்தார். தென்னை மட்டை கழிக்கும் பெரிய கொடுவாள். எடுத்துக்கொண்டு தோப்புக்குள் நடந்தார்.

அதை நான் மட்டும்தான் பார்த்தேன். யாரையும் கூப்பிடாமல் பின்னாலேயே போனேன். குப்புசாமி வீடு தெரிகிற இடத்தில் ஒரு தென்னைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

குப்புசாமி வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். ஓடிப்போக நேரம் இருந்தும் ஓடவில்லை. அப்பாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவும் இல்லை. "வெட்டிப்போடுங்கண்ணா" என்றார். "நானும் காலைல இருந்து அதையேதான் நெனச்சுட்டு உக்காந்திருக்கிறன். வெட்டிப்போடுங்க."

அப்பா கையை ஓங்கினார். ஓங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். கோபமே வராத மனிதர் என்று சொல்கிறவர்கள் அந்தக் கையைப் பார்த்திருக்க வேண்டும். நான் கண்ணை மூடிக்கொள்ள நினைத்தேன், முடியவில்லை.

அப்போது அப்பா வாசற்படியைப் பார்த்தார். அங்கே சுகன்யா நின்றாள். என்னைவிட ஒரு வயது இளையவள். அவளும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, போகாமல் நின்றுவிட்டவள். நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, இரட்டைச் சடை. கதவைப் பிடித்தபடி சத்தமில்லாமல் நின்றாள். அவளுக்கு அம்மா கிடையாது, இரண்டு வருடம் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள்.

அப்பாவின் கை இறங்கியது. மெதுவாக இறங்கவில்லை, நரம்பு அறுந்தது போல விழுந்தது. கொடுவாள் தரையில் கிடந்தது. அவர் படியருகில் போய் அவளையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "சோறு தின்னியா கண்ணு?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

அப்பா குப்புசாமி பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நீ ஸ்டேசனுக்குப் போய் நடந்ததை நீயாவே சொல்லிப்போடு. சாயங்காலம் எங்காளுக வருவாங்க. அப்ப நீ இங்க இருக்கப்படாது. புள்ளைய நான் கூட்டிட்டுப் போறன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே நடந்தார். நான் நின்ற மரத்தைத் தாண்டித்தான் போனார். என்னைப் பார்க்கவில்லை. என் அண்ணன் செத்த நாளில் என் அப்பா பிடித்துக்கொண்டு நடந்த கை அவளுடையது. அந்த நிமிடம் எனக்குள் நுழைந்த பொறாமை இன்னும் வெளியே போகவில்லை.

சாயங்காலம் என் தாய்மாமனும் பங்காளிகளும் டிராக்டரோடு வந்தார்கள். கடலைக்காட்டை உழுது போடுவது, குப்புசாமியின் தென்னைகளை வெட்டிச் சாய்ப்பது, வீட்டுக்குத் தீ வைப்பது என்று பேச்சு. அப்பா வரப்பில் போய் நின்றார். அண்ணன் விழுந்து கிடந்த அதே வரப்பு.

"தென்னை என்ன பண்ணுச்சு? ஊடு என்ன பண்ணுச்சு?" என்றார். "செத்தது எம் பையன். நான் சும்மா இருக்கறன். நீங்களும் இருங்க."

"ஏனுங் மச்சான், உங்களுக்கு ரத்தம் ஓடுதா இல்லையா?" என்று மாமன் கத்தினார்.

"ஓடுது. அதனாலதான் போதும்ங்கறேன்."

மாமன் அதற்குப் பிறகு வெகுகாலம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

வழக்கு பாலக்காட்டில் நடந்தது. அப்பா பொய் சொல்லிக் குப்புசாமியைக் காப்பாற்றினார் என்று ஒரு பேச்சு உண்டு. அதுவும் தவறு. கம்பி கட்டியது அவர்தான், நேரத்துக்கு அணைக்காமல் விட்டதும் அவர்தான் என்று கூண்டில் ஏறித் தெளிவாகச் சொன்னார். கடைசியில் மலையாளத்தில் ஒரு வாக்கியம் மட்டும் கூடச் சொன்னார்: "அவன் அறிஞ்ஞோண்டு செய்ததல்ல, சாரே." அவன் தெரிந்து செய்ததில்லை என்று. தண்டனை கிடைத்தது. குப்புசாமி அதை அனுபவித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

அவர் உள்ளே இருந்த காலமெல்லாம் சுகன்யா எங்கள் வீட்டில் இருந்தாள். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா தட்டு எடுத்து வைக்கவில்லை. "எம் பையன் தட்டுல அவளுக்குச் சோறு போடச் சொல்லாதீங்க. என்னால ஆகாது" என்றாள். அப்பா தன் தட்டைக் கழுவி அவள் முன்னால் வைத்தார். கொல்லையில் போய் ஒரு வாழையிலை அறுத்து வந்து தனக்குப் போட்டுக்கொண்டார். பல நாள் இப்படியே நடந்தது. பிறகு ஒருநாள் அம்மாவே கடைக்குப் போய்ப் புதுத் தட்டு ஒன்று வாங்கி வந்து அலமாரியில் வைத்தாள். அம்மா மாறிவிட்டாள். நான் மாறவில்லை.

அப்பாவின் மொபெட்டில் இரண்டு பேரும் பள்ளிக்குப் போவோம். அவருக்கு அடுத்து அவள், அவளுக்குப் பின்னால் நான். மழையில் அப்பாவின் முதுகு அவளுக்கு மறைவு. எனக்கு அவள் சடைதான் முகத்தில் அடிக்கும். "நாந்தானே உங்க புள்ளை? நான் முன்னாடி உக்காரக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அது உளுந்துரும் அம்மிணி. நீ கெட்டியாப் புடிச்சுக்குவ" என்றார்.

அவர் என்னைப் பற்றி எப்போதும் சொன்னது இதுதான். நீ கெட்டி. கெட்டியாக இருப்பதால் எனக்குக் கிடைக்காமல் போனவற்றை அவரிடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு அதுவரை அவர் வந்ததே இல்லை. அம்மாதான் வருவாள். சுகன்யாவுக்காக வந்தார். டீச்சர், "ரெண்டும் உங்க குழந்தைங்களா?" என்று கேட்டபோது ஆமாம் என்றார். நான் டீச்சரிடம் போய், "இல்லைங்க டீச்சர், நான் மட்டுந்தான்" என்று சொன்னேன். அப்பா சிரித்துக்கொண்டே என் தலையில் கை வைத்தார். கையைத் தட்டிவிட்டேன்.

குப்புசாமி திரும்பி வந்த பிறகு அவள் அப்பாவோடு போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். இரவு அங்கே தூங்கினாள், பகலெல்லாம் எங்கள் வீட்டில் இருந்தாள். சில வருடம் கழித்துக் குப்புசாமி நெஞ்சுவலியில் போனபோது பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தவர் என் அப்பா. நான் படித்து, வேலை கிடைத்து, கல்யாணமாகி மலை ஏறிப் போனேன். அவள் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, தினம் பஸ்ஸில் போய் வந்து, அப்பாவின் பக்கத்திலேயே இருந்துவிட்டாள். நான் வருடத்துக்கு இரண்டு முறை ஏலக்காயும் மிளகும் கட்டி எடுத்துக்கொண்டு விருந்தாளியைப் போல வந்து போவேன். அவருக்கு எந்த மாத்திரை எந்த வேளை என்று அவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கடைசியாக நான் வந்திருந்தபோது அப்பா கட்டிலோடு ஆகிவிட்டார். குரல் மட்டும் தெளிவாக இருந்தது. சுகன்யா மருந்து வாங்கச் சித்தூருக்குப் போயிருந்தாள். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அவரோடு நான் தனியாக இருப்பது எத்தனையோ வருடத்தில் அதுதான் முதல் தடவை என்று தோன்றியது. இத்தனை காலம் கேட்காததைக் கேட்டேன்.

"அப்பா, அன்னைக்கு நீங்க கொடுவாளோட போனப்ப நானும் பின்னாலயே வந்தேன். தென்னைக்குப் பின்னால நின்னேன். தெரியுமுங்களா?"

அவர் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். "நீயா? தெரியாதே அம்மிணி."

நான் நிற்பது தெரிந்துதான் கையை இறக்கினார் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் அவளுக்குத்தானா?

"அப்ப அவளைப் பாத்துத்தான் உட்டீங்களா?"

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"படியில நின்னுச்சல்லோ" என்றார். "நீன்னு நெனச்சுப்போட்டேன். அதே பாவாடை, அதே சடை. எனக்கு அப்பக் கண்ணு எங்க தெரிஞ்சுது? எம் புள்ளை பாத்துட்டு நிக்குதேன்னுதான் கை உளுந்துருச்சு. கிட்டப் போனப்பறந்தான் தெரிஞ்சுது, அது நீ இல்லைன்னு."

"தெரிஞ்சப்பறம் எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"ஒருக்கா எம் புள்ளைன்னு நெனச்சுட்டேன். அப்பறம் எப்பிடி அம்மிணி உட்டுப்போட்டு வர்றது?"

வெளியே பஸ் நின்று போகும் சத்தம் கேட்டது. சுகன்யா மருந்துப் பையோடு உள்ளே வந்தாள். "என்னங்க்கா, அப்பா என்ன சொல்றாரு?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த ஊருக்கு அவர் விட்டுப்போனது நிறைய. அவரால் அன்று எரியாமல் தப்பிய வீடு இன்றும் இருக்கிறது. அவர் வெட்ட விடாத தென்னைகள் காய்க்கின்றன. அவர் வளர்த்த பெண் எங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். அவருடைய கடைசி வருடங்கள், அவர் கைப்பிடி, அவர் கடைசியாகக் குடித்த தண்ணீர், எல்லாம் சுகன்யாவிடம் இருக்கின்றன. அவற்றை நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாள், அவள் அப்படிப்பட்டவள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். ஓங்கிய கையோடு நின்ற அந்த மனிதருக்கு, யாரோ ஒரு பெண் குழந்தையின் முகத்தில் தெரிந்தது என் முகம். சுகன்யா இதைப் படிப்பாள், படித்துவிட்டு எனக்குப் போன் செய்வாள். மற்ற எதை வேண்டுமானாலும் அவளோடு பங்கு போட்டுக்கொள்கிறேன். இதில் அவளுக்குப் பங்கு கிடையாது.