அடிமூடிக்குள் ஒட்டிய டேப்

இந்த ஊரில் லேப்டாப் வைத்திருக்கிற பாதிப்பேருக்கு ஒரு விஷயம் தெரியாது. அவங்கவங்க மிஷினின் அடிமூடியைக் கழற்றினால் உள்பக்கம் ஒரு துண்டு பேப்பர் டேப் ஒட்டியிருக்கும். இந்த மிஷின் எவ்வளவு மெமரி வரைக்கும் தாங்கும் என்று அதில் பொடி எழுத்தில் எழுதியிருக்கும், கீழே தேதி. எழுதியது டேப்பக்கா. வயசு முப்பத்தொன்பது. லேப்டாப் ரிப்பேர் கடையில் பத்தொன்பது வருஷமாக ஒரே பெஞ்சு, ஒரே விளக்கு, ஒரே அண்ணன்.

அந்த அண்ணனைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு வயிற்றெரிச்சல் அடங்காது. கடையின் முன்பக்கம் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து வாயால் வேலை பார்க்கிற ஆள். ஸ்குருவை எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்று கேட்டால் மேலே மின்விசிறியைப் பார்ப்பான். ஆனால் படியேறி வருகிறவர்களிடம் எல்லாம், "நம்ம கடையில ஆகாதது எதுவுமே கிடையாது சார்" என்று நாக்கு கூசாமல் அடித்துவிடுவான். அவன் விட்ட கதைக்கெல்லாம் ஈடுகொடுப்பது, தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற தங்கை. ஈடுகொடுக்க முடியாத நாளில் அடிவாங்குவதும் அவளே.

அடி என்றால் சும்மா முதுகில் ஒன்று போடுகிற அடி இல்லை. சார்ஜர் ஒயரை இரண்டாக மடித்து அடிப்பான். முடியைப் பிடித்துப் பெஞ்சு விளிம்பில் மோதுவான். ஒருதரம் சூடாக இருந்த சால்டரிங் முனையை அவள் முழங்கையில் வைத்து எடுத்தான், அந்தத் தழும்பு இன்னும் பளபளவென்று இருக்கிறது. வீட்டில் அண்ணி பார்த்தும் பார்க்காத மாதிரி துணி மடிப்பாள். பக்கத்துக் கடைக்காரர்கள் சத்தம் கேட்டால் ரேடியோவைக் கூட்டி வைப்பார்கள். மகா மனுஷங்க!

போன வருஷம் விழுந்த அறையில் இடது காதின் செவிப்பறை கிழிந்தது. டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "எப்படிம்மா ஆச்சு?" என்றாள்.

"கதவு இடிச்சிடுச்சு டாக்டர்."

டாக்டரம்மா அவள் கன்னத்தில் பதிந்திருந்த நாலு விரலையும் பார்த்தாள். "உள்ள எலும்பும் ஆட்டம் கண்டிருக்கு. அந்தக் கதவு இன்னொரு தடவை இடிச்சா இந்தக் காது அவ்வளவுதான். யார் வந்தாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது."

அன்றிலிருந்து அண்ணன் கை ஓங்கினால் டேப்பக்காவின் இடது கை தானாகப் போய்க் காதைப் பொத்திக்கொள்ளும். மற்ற இடமெல்லாம் அவன் பாடு. அவளுக்குக் காது வேலைக்கும் வேண்டும். மெமரியைச் சாய்த்துச் செருகி அழுத்தும்போது இரண்டு பக்கக் கொக்கியும் டிக், டிக் என்று விழுகிற சத்தம் வரணும். ஒன்றுதான் கேட்டது என்றால் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அவள் கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பக்கம் விழவில்லை என்று சொல்லுவாள்.

இப்போது அந்த டேப்புக்கு வருவோம். முதல் வரி மெமரி கணக்கு. அதற்குக் கீழே சில மிஷின்களில் இரண்டாவது வரி ஒன்று இருக்கும். 'இன்னைக்கு ஒயரால் ஆறு.' 'முழங்கையில் சூடு.' 'அண்ணனிடம் சொன்னேன், அடித்தான்.' முதன்முதலில் ஏன் எழுதினாள் என்று அவளுக்கே தெரியாது, கை எழுதிவிட்டது. வேறு எங்கே எழுதுவாள்? வீட்டில் ஒரு நோட்டு வைத்தால் புரட்டிவிடுவான். போனை வாங்கிப் பார்ப்பான். லேப்டாப்பின் அடிமூடி ஒன்றுதான் அவனுக்குத் திறக்கத் தெரியாத இடம்.

ஆனால் மற்ற கடை மெக்கானிக்குகளுக்குத் திறக்கத் தெரியுமே! திறந்தார்கள், படித்தார்கள். டேப்பக்கா என்று பேர் வைத்ததே அவர்கள்தான். பேர் வைத்ததோடு அவர்கள் கடமை முடிந்துவிட்டது.

பாக்ஸிங் மாஸ்டர் வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. ஊர்க்கோடியில் பொம்பளைப் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லித்தருகிறவர். கழுத்தும் தோளும் ஒன்றாகவே இருக்கும், குரல் மட்டும் மெலிசு. போட்டி நடக்கும்போது கேமராவை நேராக லேப்டாப்பில் மாட்டிப் பதிவு பண்ணுவாராம். அடிக்கடி உறைந்து நின்றுவிடுகிறதாம்.

"மெமரியைக் கூட்டினா சரியாயிடும் மாஸ்டர். முப்பத்திரண்டு ஜிபி போட்டுடறோம். ராக்கெட்டு மாதிரி பறக்கும்" என்றான் அண்ணன்.

"வர்ற ஞாயித்துக்கிழமை போட்டி முழுக்கத் தாங்கணும். என்கிட்ட கத்துக்கற பொண்ணு ஒருத்தி ஃபைனல் ஆடறா. அந்த வீடியோவைப் பார்த்துத்தான் மாநில டீமுக்கு செலக்ஷன்."

"கவலையை விடுங்க!"

டேப்பக்கா பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு உள்ளே பார்த்தாள். இரண்டு ஸ்லாட். ஒவ்வொன்றும் எட்டு ஜிபி வரைக்கும்தான் எடுக்கும், மொத்தம் பதினாறு. அந்தத் தலைமுறை ப்ராசஸருக்கு அதற்குமேல் கணக்கு வைக்கத் தெரியாது. மெமரி என்பது படத்தையும் பாட்டையும் சேர்த்து வைக்கிற அலமாரி இல்லை, வேலை நடக்கும்போது சாமானைப் பரப்புகிற மேஜை. மேஜையைப் பெரிசாக்கலாம், அறை இடம் கொடுக்கணுமே. இருந்தாலும் அண்ணன் வாய் விட்டுவிட்டானே என்று இரண்டு பதினாறைச் செருகிப் பார்த்தாள். திரை வந்தது, முப்பத்திரண்டு என்றும் காட்டியது. சோதனை ஓடவிட்டாள். சரியாக நாற்பதாவது நிமிஷம் பொத்தென்று அணைந்தது. மறுபடி ஓட்டினாள், மறுபடி நாற்பது.

அண்ணனிடம் போய்ச் சொன்னாள். "இது ஏத்துக்கிட்ட மாதிரி நடிக்குது அண்ணா. வேலை கூடினா விழுது. பதினாறு போட்டு அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடலாம்."

"நான் சொன்னது என்ன, நீ பண்றது என்ன? முப்பத்திரண்டு காட்டுதா இல்லையா?"

"காட்டுது. ஆனா..."

அந்த 'ஆனா' முடியவில்லை. சார்ஜரின் கட்டியை ஒயரோடு சுழற்றி வீசினான். அவள் இடது காதைப் பொத்திக்கொண்டாள். கட்டி இடது தோள்பட்டை எலும்பில் விழுந்தது. கீழே சரிந்தவளை விலாவில் இரண்டு உதை. "எனக்கே பாடம் எடுக்கிறியா? மூடிக் குடுடி!"

அவள் மூடினாள். மூடுவதற்கு முன் வலது கையால் எழுதினாள். இடது கையை மேலே தூக்க முடியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாஸ்டர் படியேறி வந்தார். லேப்டாப்பை கவுன்டரில் வைக்கவில்லை, போட்டார். குரல் அதே மெலிசுதான்.

"அரை மணி முன்னாடியே பதிவைப் போட்டு வெச்சேன். ஃபைனல்ல இரண்டாவது ரவுண்டு. அணைஞ்சு போச்சு. அந்தப் பொண்ணு ஜெயிச்சா. ஜெயிச்சதுக்கு என்கிட்ட ஒரு துண்டு வீடியோ கிடையாது. எட்டு வருஷம் ரத்தம் துப்பி வந்த பொண்ணுய்யா!" என்று கவுன்டர் கண்ணாடியில் ஒரு குத்து விட்டார். கண்ணாடி நட்சத்திரமாக விரிந்தது.

அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பழியை அப்படியே தூக்கிப் பின்பக்கம் போட்டான். "எல்லாம் இந்தச் சனியன் வேலை மாஸ்டர்! நான் அப்பவே வேணாம்னேன். கேட்டாளா? இருங்க, உங்க கண்ணு முன்னாடியே இவளை என்ன பண்றேன் பாருங்க" என்று தடுப்பைத் தள்ளி அவள் முடியைப் பிடித்து வெளியே இழுத்தான்.

பத்தொன்பது வருஷத்தில் அவள் செய்யாத ஒன்றை அன்றைக்குச் செய்தாள். கையிலிருந்த ஸ்குரு டிரைவரை மாஸ்டரிடம் நீட்டினாள்.

"மாஸ்டர், நீங்களே அடிமூடியைக் கழட்டுங்க. பத்து ஸ்குரு. உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிங்க. அப்புறம் யாரை வேணா அடிங்க."

"என்னடி உள்ள எழுதியிருக்கு?" அண்ணனின் பிடி தளர்ந்தது. அவனுக்கு நிஜமாகவே தெரியாது.

மாஸ்டரின் தடித்த விரல்களுக்கு அந்தப் பொடி ஸ்குருக்கள் அகப்படவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றுவதற்குள் மூன்று பேருக்கும் வியர்த்துவிட்டது. மூடி வந்தது. அவர் வெளிச்சத்தில் பிடித்து வாய்விட்டுப் படித்தார்.

"மொத்தம் பதினாறுதான். முப்பத்திரண்டு போட்டால் நாற்பது நிமிஷத்தில் விழுகிறது. அண்ணனிடம் சொன்னேன். தோளில் சார்ஜர், விலாவில் இரண்டு உதை."

அண்ணன் பாய்ந்தான். மாஸ்டரின் பக்கம் இல்லை, அந்த வீரம் எல்லாம் அவனுக்கு எப்போது இருந்தது? தங்கையின் பக்கம். முழங்கையை மடக்கி முழு பலத்தோடு வீசினான். அவள் கை காதுக்குப் போகவில்லை. காயப்பட்ட தோளில் அந்தக் கையைத் தூக்க முடியவில்லை.

இடது காதுக்குள் ஒரு விசில் எழுந்தது. மேலே மேலே போய் ஓர் இடத்தில் நின்றது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் எதுவும் இல்லை. கழுத்தில் சூடாக ரத்தம் இறங்கியது.

அடுத்து நடந்ததை அவள் சுவரில் சாய்ந்து பார்த்தாள். மாஸ்டரின் முதல் குத்தில் அண்ணனின் மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. இரண்டாவதில் முன்பல் இரண்டும் ரசீது புத்தகத்தின் மேல் விழுந்தன. சுழல் நாற்காலி உடைந்தது. எழுந்து ஓடப் பார்த்தவனைச் சட்டையோடு பிடித்து விலாவில் குத்தினார், எலும்பு முறிகிற சத்தம் அவள் வலது காதுக்கு நன்றாகவே கேட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லுவானேன், மனசு குளிர்ந்தது. இன்னும் ஒன்று போடுங்க என்று வாய்வரை வந்தது. அவன் எச்சிலும் ரத்தமுமாக மூச்சுக்குத் திணறுகிற நேரம் வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை.

"போதும் மாஸ்டர்" என்றாள் அப்புறம். "இதுக்கு மேல தாங்காது. செத்துட்டான்னா நீங்க உள்ள போகணும்."

மாஸ்டர் கையைத் தொங்கவிட்டார். அந்தப் பெரிய ஆள் அழுதார். "உங்க காதுல ரத்தம் வருதுக்கா. வாங்க, டாக்டர்கிட்ட போகலாம்."

"போகலாம். ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க."

இரண்டு பதினாறையும் எடுத்துப் போட்டுவிட்டு இரண்டு எட்டைச் செருகினாள். குனிந்து வலது காதைப் பெஞ்சுக்குக் கிட்டே கொண்டுபோனாள். டிக், டிக். பழைய டேப்பை உரித்து மாஸ்டரிடம் கொடுத்தாள். "பத்திரமா வெச்சிருங்க, ஸ்டேஷன்ல கேட்பாங்க." புதுத் துண்டில், மொத்தம் பதினாறு, தேதி என்று மட்டும் எழுதினாள். இரண்டாவது வரி எழுதவில்லை. பத்து ஸ்குருவையும் முடுக்கி, மிஷினைத் திருப்பித் திரையைத் திறந்து பட்டனை அமுக்கினாள்.

கறுப்புத் திரையில் அண்ணன் தெரிந்தான். தரையில் தவழ்ந்து அவள் இடது பக்கம் வந்திருந்தான். அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு முன்பல் இல்லாத வாயைத் திறந்து திறந்து மூடினான். ஏதோ கெஞ்சுகிறான். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். பத்தொன்பது வருஷமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தையாகக்கூட அது இருக்கலாம். அந்தக் காதில் அது விழவில்லை. வலது காதைத் திருப்பினால் போதும், கேட்டுவிடும்.

திரையில் வெளிச்சம் வந்தது. பதினாறு என்று காட்டியது. அவள் திரும்பாமலே முந்தானையை உருவிக்கொண்டு மாஸ்டரோடு படியிறங்கினாள்.