தாழ்ப்பாள் இல்லாத ஊர்

போன மாதம் சிவகாசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து போன். ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சிறுகதைப் போட்டி வைத்திருக்கிறார்கள். நான்தான் நடுவராம். வாராவாரம் இந்தப் பக்கத்தில் புலம்பிக்கொண்டிருக்கிறவளுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்தால் விடுவேனா? சால்வை உண்டா என்று மட்டும் கேட்கவில்லை. மற்றபடி உடனே சரி சொல்லிவிட்டேன்.

தலைப்பு என்ன தெரியுமா? ‘எதிர்கால உலகம்’.

முப்பத்தெட்டுக் கதைகள் வந்தன. அதில் பாதிக்கு மேல் ஒரே கதை! ஒரு கொடுங்கோல் அரசாங்கம். எல்லார் கழுத்திலும் ஒரு சிப். என்ன சாப்பிடணும், யாரைக் கல்யாணம் பண்ணணும், எல்லாம் கம்ப்யூட்டர் சொல்லும். பதினாறு வயதில் ஒருத்தி முறைத்துக்கொண்டு கிளம்புவாள். சுவரேறிக் குதிப்பாள். அரசாங்கம் கவிழும். சுபம். கதாநாயகி பெயர் ஒன்றுகூட வாயில் நுழையவில்லை. ஊரில் பனி வேறு கொட்டுகிறது... நான் இங்கே ஃபேனுக்கு அடியில் கழுத்தைத் துடைத்துத் துடைத்துப் படிக்கிறேன்.

கேலி செய்கிறேனே தவிர, உள்ளுக்குள் ஏக்கமாகத்தான் இருந்தது. பதினாறு வயதில் நான் எதை எதிர்த்தேன்? விருதுநகரில் மொத்த வியாபாரக் குடும்பம். எந்நேரமும் வீட்டில் பதினைந்து பேர். மதுரைக்குப் போய்க் காலேஜில் படிக்க எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் வாயைத் திறந்து கேட்கவே இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, நானே எனக்கு வேண்டாம் சொல்லிக்கொண்டேன். இந்தப் பிள்ளைகள் கதையிலாவது குதிக்கிறார்களே என்று இருந்தது.

அப்போதுதான் அந்தக் கதை கைக்கு வந்தது.

அந்த ஊரில் எந்த அறைக்கும் தாழ்ப்பாள் கிடையாது. கதவைச் சாத்தக் கூடாது என்பது சட்டம். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. செருப்பு கூடாது. இரும்பு கூடாது. வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழையணும். கால் மணிக்கு ஒரு தரம் காவலாளி வந்து எட்டிப் பார்ப்பான். தாமரை என்கிற பெண் எங்கிருந்தோ ஒரு தாழ்ப்பாளைச் சம்பாதித்து, தன் அறைக் கதவில் மாட்டி, உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்கிறாள்.

போட்டுக்கொண்டு? அரசாங்கத்தைக் கவிழ்க்கத் திட்டம் போட்டாளா? அதெல்லாம் இல்லை. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். யாரும் பார்க்காதபோது தன் முகம் எப்படி இருக்கும் என்று கண்ணாடியில் பார்க்கிறாள். கொஞ்சம் அழுகிறாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. கதை அவ்வளவுதான்.

மறுபடி முதலிலிருந்து படித்தேன். இதற்குத்தான் முதல் பரிசு! எழுதியவள் பெயர் கார்த்திகா.

பரிசளிப்பு விழாவில் மைக்கைக் கொடுத்தார்கள். கொடுக்கலாமா என்னிடம்? “இந்தப் பெண் எழுதியிருப்பது நம்மைப் பற்றித்தான். தெருவெல்லாம் கேமரா... நம் போனே நம்மை வேவு பார்க்கிறது... அரசாங்கம் அடுக்களை வரைக்கும் எட்டிப் பார்க்கிறது” என்று வெளுத்து வாங்கினேன். நல்ல கைதட்டல். கார்த்திகா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அடக்கமான பெண் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

விழா முடிந்து வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். நகக்கண்ணெல்லாம் சாம்பல் நிறம். பட்டாசு மருந்துக் கறை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பெயர் மாரீஸ்வரி, கார்த்திகாவின் அம்மா.

“சாப்பிட்டீகளா மேடம்?” என்று ஆரம்பித்தார். அப்புறம் தயங்கித் தயங்கி, “மைக்ல சொன்னீகளே, அந்தக் கவர்மெண்ட்டு... அது நாந்தான் மேடம்” என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“அந்த ஊரு எங்க வீடுதான். இங்கன விஸ்வநத்தத்துல இருக்கு. வாசக் கதவத் தவிர ஒரு கதவுக்கும் தாப்பா கெடையாது. நாந்தான் களட்டிப் போட்டேன். கால் மணிக்கு ஒருக்கா எட்டிப் பாக்கிறதும் நாந்தான்.”

இரும்பு கூடாது, செருப்பு கூடாது, நாலு பேருக்கு மேல் கூடாது... அட, பட்டாசுக் கம்பெனி விதிகள்! ஒரு பொறி கிளம்பினால் உயிர் போகும் என்று வைத்த விதிகள். உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்கத்தான் அந்தச் செம்புத் தகடு. அதிலும் முக்கியமான விதி, உள்ளே வேலை நடக்கும்போது கதவு திறந்தே இருக்கணும். இந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். இது உறைக்காமல் மைக்கில் கேமரா, போன் என்று அளந்துவிட்டிருக்கிறேன்!

அசடு வழிந்ததை மறைக்க, வழக்கம்போல உபதேசத்தில் இறங்கினேன். “வயசுப் பிள்ள மாரீஸ்வரி. கொஞ்சம் தனிமை வேணும்ல? ஒரு தாழ்ப்பாள்தானே... போட்டுக் குடுத்துருங்களேன்.”

அவர் கோபப்படவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“செல்வின்னு எங்கூட வேலை பாத்தா மேடம். எனக்கு அடுத்த ரூம்பு. அன்னைக்குக் காத்து அம்புட்டு அடிச்சிச்சு. மருந்து பறக்குதுன்னு கதவச் சாத்திட்டா. ஒரு நிமிசந்தான். நான் ஓடி வெளிய வந்துட்டேன்... அவ வரல. கதவு தொறந்து கெடந்தா வந்திருப்பா மேடம். எட்டு வருசமாச்சு. அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போயி எல்லாத் தாப்பாளையும் களட்டுனேன். பாத்ரூமுக்குக்கூட ஒரு கயிறுதான்.”

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

“இவ இப்ப ரெண்டு மாசமா எங்கூடச் சரியாப் பேசுறதில்ல. ‘ப்ளஸ் டூ முடிச்சதும் ஹாஸ்டலுக்குப் போயிருவேன், திரும்பி வரவே மாட்டேன்’கிறா. எனக்கு அவ ஒருத்திதான் மேடம். கதவச் சாத்திக்கிட்டு உக்கார்றதுல அப்படி என்ன இருக்கு? நீங்கதான படிச்சீக... சொல்லுங்களேன்.”

“அவ முகத்த அவ தனியாப் பாக்கணும்னு ஆசைப்படுறா” என்றேன். “அம்புட்டுத்தானா?” என்றார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று மகளைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு பேரும் கேட் வரைக்கும் முன்னும் பின்னுமாக நடந்து போனார்கள்.

ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் மனசே சரியில்லை. இந்தப் புரட்சிக் கதைகளில் அதிகாரத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் கல்நெஞ்சுக்காரர்கள். அவர்களை எதிர்ப்பது சுலபம். பயந்துபோன ஓர் அம்மாவை எதிர்த்து எந்தச் சுவரேறிக் குதிப்பது?

எங்கள் வீட்டிலும் யாராவது எதற்காவது பயந்துபோய்த்தான் இருந்தார்களோ? மதுரைக்குப் போகட்டுமா என்று நான் கேட்டிருந்தால் அம்மா என்ன சொல்லியிருப்பாள்? கேட்க இப்போது அம்மா இல்லை. கல்லூரிக்காக அல்ல, ஒரே ஒரு சண்டைக்காக ஏங்கினேன். அவளோடு முகத்துக்கு நேராக நின்று ஒரு சண்டை. இந்த வயதில் பஸ்ஸில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தேன் என்றால் சிரிக்காதீர்கள்!

முந்தாநாள் கார்த்திகாவிடமிருந்து போன். “ஆன்ட்டி! அம்மா தாப்பா வாங்கிட்டு வந்து மாட்டிருச்சு!”

மாட்டி ஒரு வாரம் ஆகிறதாம். பித்தளைத் தாழ்ப்பாள். சிவகாசியில் நாலு கடை ஏறி இறங்கி வாங்கியிருக்கிறார். இரும்பில் நல்லதாக இருக்கிறது என்று சொன்ன கடைக்காரரோடு சண்டை வேறு. பித்தளையில் பொறி பறக்காதே!

“நாலு ஸ்க்ரூ போடணும் ஆன்ட்டி, ரெண்டுதான் போட்டிருக்கு” என்றாள் கார்த்திகா.

பின்னாலிருந்து மாரீஸ்வரியின் குரல்: “ஆமா, ஓங்கித் தள்ளுனா பேந்து வரணும்ல! தள்ளிப் பாத்துட்டுத்தான் அவள உள்ள விட்டேன்!”

“சரி, உள்ள போயி என்ன பண்ணுன? எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன். நான்தான் பதினாறு வயதுக்காரி என்பதுபோல் எனக்கு அத்தனை பரபரப்பு.

“அரை மணி நேரம் இருந்தேன். கண்ணாடி பாத்தேன். அப்புறம் கீழ பாத்தா, கதவுச் சந்துல அம்மா காலு தெரியுது. அங்கனயே உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டு இருக்கு. ஒருக்காகூட என்னக் கூப்பிடல ஆன்ட்டி. கூப்பிடவே இல்ல...” மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. என் பக்கமும் அதே சத்தம்தான்.

கதவைத் திறந்து வெளியே வந்ததும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதானாம். “நாளைக்கும் சாத்துவியாத்தா?”

“சாத்துவேன்மா.”

“சரி... சாத்திக்கோ.”

ஒரு வாரமாக அந்த வீட்டில் தினமும் பூண்டுக் குழம்புதானாம்.