குலவையும் ஏழாம் நரம்பும்

கரமனை விடுதியில் ஒரு காலை வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரத்தில் தானாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தேன். வலது பாதி முகம் திகைத்தது. இடது பாதி சும்மா இருந்தது.

அன்றே மருத்துவமனைக்குப் போனேன். நீங்களும் தாமதிக்காதீர்கள். மூளையிலிருந்து நேரே கிளம்பும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் ஏழாவது வீங்கியிருந்தது. முகவாதம் (முகத்தின் ஒரு பாதி அசைவிழப்பது). முகத்தசை, கண்ணீர், நாக்கின் முன்பகுதிச் சுவை எல்லாம் அந்த நரம்பின் பொறுப்பு. காதுக்குள் சத்தத்தைத் தணிக்கும் சிறு தசையும்கூட. ஸ்டீராய்டும் (வீக்கம் குறைக்கும் மருந்து) கண்ணுக்குச் சொட்டு மருந்தும் தந்தார்கள்.

"பேடிக்க வேண்டாம், மூணு மாசம் கொண்டு சரியாகும். முகப்பயிற்சி மெல்லச் செஞ்சா மதி, கேட்டோ. பலம் பிடிக்கக் கூடாது" என்றார் மருத்துவர், மலையாளம் கலந்த தமிழில். பயப்படாமல் மெல்லச் செய்தால் போதும், வலிந்து செய்யக் கூடாது என்று அர்த்தம்.

எங்கள் வீடு போனக்காடு தேயிலைத் தோட்டத்தில். அங்கே பள்ளிக்கூடம் போய், தம்பானூரில் அலுவலக வேலை வாங்கியவள் நான். ஆனாலும் அம்மன் கொடையில் (கோயில் திருவிழா) முதல் குலவை (உதடு குவித்து, நாக்கை ஆட்டி எழுப்பும் மங்கல ஒலி) என்னுடையதுதான். இரண்டு வாரத்தில் வந்த கொடையில் அதைத் தோட்டத்துச் செல்வி அக்கா போட்டாள். என் நாக்கு ஆடியது. அதை ஆட்டுவது பன்னிரண்டாம் நரம்பு. உதடுதான் குவியவில்லை. சத்தத்தைத் தணிக்க முடியாத இடது காதில் அக்காவின் குரல் தகரமாக அறைந்து வலித்தது. கொழுந்து பறிக்கிற அக்காமீது எனக்குப் பொறாமை.

"ஒன் குலவை பிசிறடிக்கி" என்றேன்.

"ஏட்டி, படிப்பு, ஆபீசு எல்லாம் ஒனக்கு. இது ஒண்ணாவது எனக்கு இருக்கட்டுமே" என்று சிரித்தாள். இரண்டு பக்கமும் சமமான சிரிப்பு.

விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத் தினமும் குலவை போட்டேன், தாடை வலிக்கும்வரை. ஐந்தாம் மாதம் உதடு குவிந்தது. கூடவே இடது கண்ணும் மூடிக்கொண்டது. இணையசைவு (திரும்ப வளரும் நரம்பிழை வேறு தசைக்குப் போய்விடுவது). நான் வலிந்து செய்ததால்தானா என்று மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

அடுத்த கொடையில் அக்காவே என்னை முன்னால் தள்ளினாள்.

"பூசாரியப் பாத்துப் போடாதட்டி. இவ கண்ணடிக்கான்னு நெனச்சிருவாரு."

போட்டேன், அக்காவும் சேர்ந்துகொண்டாள். இடது கண் மூடியது. இடப்பக்கம் நின்ற அக்கா என் ஒரு மூச்சின் நீளத்துக்குக் காணாமல் போனாள். உதடு தளர்ந்து கண் திறந்தபோது, அவள் இன்னும் குலவை போட்டுக்கொண்டிருந்தாள்.

பொறாமை அப்படியே இருந்தது. காது மட்டும் வலிக்கவில்லை.